விலாசம் தெரியும், வீடுதான் தெரியவில்லை

நம் ஊரில் பழைய பத்திரம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. நொத்தேர் முன்னால் எழுதிய அந்தக் காலத்துப் பத்திரத்தில் வீதியின் பெயர் பிரெஞ்சில் இருக்கும். 'ரூ துய்ப்ளெக்ஸ்' என்று போட்டிருப்பார்கள். இன்றைக்கு அந்தப் பெயரைச் சொல்லி ஆட்டோக்காரரிடம் கேட்டால் முழிப்பார். நேரு வீதி என்றால் உடனே ஏறச் சொல்வார். வீடு அதே வீடு, மண் அதே மண். எழுதி வைத்தவருக்குத் தெரிந்த பெயர் ஒன்று, தேடுகிறவருக்குத் தெரிந்த பெயர் வேறொன்று.

கம்ப்யூட்டர் தொழிலில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இதே சங்கடம் அங்கேயும் உண்டு. புரோகிராம் ஓடிக்கொண்டிருக்கும்போது நடுவழியில் விழுந்துவிடும். எங்கே விழுந்தது என்று கம்ப்யூட்டர் துல்லியமாகச் சொல்லும். எந்த வரி என்றுகூடச் சொல்லும். ஆனால் அந்த வரி இருக்கிற காகிதத்தை எடுத்து நம் கண்முன் காட்டச் சொன்னால், 'அப்படி ஒரு ஃபைலே இல்லையே' என்று கையை விரிக்கும். இந்த ஒரு சின்னக் காரியத்தைச் சரிசெய்ய உலகத்துப் புத்திசாலிகள் எழுபது வருஷமாக என்னென்ன பாடுபட்டிருக்கிறார்கள் என்பதைத்தான் எழுதப்போகிறேன். பேரப்பிள்ளைகள் இந்தத் துறையில் இருக்கும் வீடுகள் முத்தியால்பேட்டையில் ஏராளம். அவர்கள் ராத்திரி இரண்டு மணிக்கு எதைத் தேடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளவாவது இது உதவும்.

முதலில் 'ஸ்டாக்' என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன்.

பட்டா மாற்ற தாலுகா அலுவலகத்துக்குப் போகிறீர்கள். கிராம நிர்வாக அலுவலர் சான்று வேண்டும் என்கிறார்கள். அங்கே போனால் வீட்டு வரி ரசீது கேட்கிறார்கள். நகராட்சிக்குப் போனால் பழைய ரசீதின் நகல் கேட்கிறார்கள். ஒவ்வோர் இடத்திலிருந்தும் கிளம்பும்போது 'இது முடிந்ததும் திரும்பி இங்கே, மூன்றாம் மேசைக்கு வரவேண்டும்' என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறீர்கள். கடைசியாகப் போட்ட சீட்டு மேலே இருக்கும். வேலை முடிய முடிய மேலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துத் திரும்பி வருவீர்கள். அந்தச் சீட்டுக் கட்டுதான் ஸ்டாக். ஒவ்வொரு சீட்டும் ஒரு ஃபிரேம். வெயிலில் நடுவழியில் மயங்கி விழுந்துவிட்டீர்கள் என்று வையுங்கள். யாரோ ஒரு புண்ணியவான் உங்கள் பையில் கைவிட்டுச் சீட்டுகளை மேலிருந்து கீழே படித்தால், நீங்கள் எதற்காக எங்கிருந்து எங்கே வந்தீர்கள் என்பது முழுவதும் தெரிந்துவிடும். புரோகிராம் விழுந்தவுடன் அதன் பையில் கைவிட்டுச் சீட்டுகளைப் படிக்கிற அந்தப் புண்ணியவானின் பெயர் டீபக்கர்.

இந்தச் சீட்டுக் கட்டு யோசனை பழையது. ஆலன் டூரிங் 1945-46 வாக்கில் எழுதிய 'ஏஸ்' கம்ப்யூட்டர் அறிக்கையிலேயே இது இருக்கிறது. திரும்பி வரவேண்டிய இடத்தைக் குறித்து வைப்பதற்குப் 'புதைத்தல்' என்றும், எடுப்பதற்குத் 'தோண்டி எடுத்தல்' என்றும் பொருள்படும் வார்த்தைகளை அவர் வைத்தார். ஜெர்மனியில் ஃபிரீட்ரிக் பாவரும் கிளாவ்ஸ் சாமெல்சனும் 1957-இல் இதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார்கள். அவர்கள் வைத்த பெயர் 'கெல்லர்', அதாவது நிலவறை. ஒருவர் புதைக்கிறார், இன்னொருவர் நிலவறையில் போடுகிறார். நமக்கென்னவோ சட்டைப் பைதான் வசதி.

கேம்பிரிட்ஜில் 1949 மே மாதம் ஓடத் தொடங்கிய எட்சாக் கம்ப்யூட்டரிலிருந்து கதை சூடுபிடிக்கிறது. அதைக் கட்டிய மாரிஸ் வில்க்ஸ், தன் மிச்ச வாழ்நாளில் பெரும்பகுதி தன்னுடைய புரோகிராம்களில் தானே செய்த தப்புகளைத் தேடுவதிலேயே போகப்போகிறது என்பது மாடிப்படியில் நின்றபோது சட்டென்று உறைத்ததாகப் பின்னாளில் எழுதினார். டேவிட் வீலர் என்ற இளைஞர், அடிக்கடி பயன்படும் சின்னச் சின்னப் புரோகிராம்களைத் தனித்தனிக் காகித நாடாவில் துளையிட்டு இரும்பு அலமாரியில் வைக்கும் முறையைக் கொண்டுவந்தார். அப்படி ஒரு துண்டுப் புரோகிராமுக்குள் போகும்போது 'எங்கிருந்து வந்தேன்' என்று சொல்லிவிட்டுப் போக ஒரு வழியும் கண்டுபிடித்தார். அவர்களுடன் இருந்த ஸ்டான்லி கில் 1951-இல் எட்சாக்கில் தப்புகளைக் கண்டுபிடிப்பது பற்றி ஒரு தனிக் கட்டுரையே எழுதினார். புரோகிராம் ஓடும்போது அது நிறைவேற்றும் ஒவ்வொரு கட்டளையின் எழுத்தையும் அச்சடித்துக்கொண்டே போகும் ஒரு காவல்காரப் புரோகிராமை அதில் விவரித்தார். அந்தக் காலத்தில் சோர்ஸ், அதாவது மூலப்பிரதி, எங்கே என்ற கேள்வியே கிடையாது. எழுதியவரின் கையிலேயே இருந்தது.

அடுத்து அமெரிக்காவில் எம்.ஐ.டி. அங்கே டி.எக்ஸ்-0 என்ற கம்ப்யூட்டர் 1958-இல் வந்து சேர்ந்தது. அதற்கு எழுதிய டீபக்கரின் பெயர் 'ஃப்ளிட்'. அறுபது வயதைத் தாண்டியவர்களுக்குப் பெயரைக் கேட்டதும் மூக்கில் மருந்து வாசனை அடித்திருக்கும். ஆமாம், பம்பை வைத்து மூட்டைப்பூச்சிக்கும் கொசுவுக்கும் அடிப்போமே, அதே ஃப்ளிட். கம்ப்யூட்டர் தப்புக்கு 'பக்', அதாவது பூச்சி, என்று பெயர் இருந்ததால் பூச்சி மருந்தின் பெயரை வைத்துவிட்டார்கள். அதற்கு அடுத்த கம்ப்யூட்டரான பி.டி.பி-1-க்கு 1961-இல் எழுதியதற்குப் பெயர் டி.டி.டி.! மலேரியாவை ஒழிக்கச் சுவரெல்லாம் வெள்ளை வெள்ளையாக அடித்துவிட்டுப் போனார்களே, அதுவேதான். கொசு ஆராய்ச்சிக்கென்று 1975 முதல் ஒரு தேசிய நிறுவனத்தையே வைத்திருக்கும் ஊர்க்காரர்களான நமக்கு இதில் கொஞ்சம் உரிமை உண்டு என்று நினைத்துக்கொள்வேன்.

பெயர் வேடிக்கை ஒருபக்கம் இருக்கட்டும். ஃப்ளிட்டும் டி.டி.டி.யும் செய்த பெரிய காரியம், எண்களுக்குப் பதிலாகப் பெயர்களைப் பேசியது. நினைவகத்தில் 1,427-ஆம் அறை என்று சொல்லாமல், புரோகிராமர் அந்த இடத்துக்கு வைத்த பெயரையே சொல்லும். மனிதன் எழுதியதற்கும் எந்திரம் படிப்பதற்கும் நடுவே கட்டிய முதல் பாலங்களில் அதுவும் ஒன்று. பாலம் இன்னும் வரி வரை, காகிதம் வரை வரவில்லை.

நம் பக்கம் என்ன நிலைமை? சென்னை ஐ.ஐ.டி.யில் 1973-இல் ஐ.பி.எம். 370/155 வந்தது. அந்தக் கால தென்னிந்தியாவில் அது ஒரு திருவிழா. அதற்கு முன்னோடியான 360 வரிசையை 1964-இல் அறிவித்தபோதே ஐ.பி.எம். ஒரு சம்பிரதாயம் வைத்திருந்தது. ஒரு புரோகிராம் இன்னொன்றை அழைத்தால், அழைத்தவர் 72 பைட் அளவுக்கு ஓர் இடம் ஒதுக்கித் தரவேண்டும். அழைக்கப்பட்டவர், அழைத்தவரின் பதிவேடுகளில் இருந்ததையெல்லாம் அதில் பத்திரப்படுத்த வேண்டும். முன்னே யார், பின்னே யார் என்று சங்கிலி போலச் சுட்டிகளும் அதிலேயே இருக்கும். 13-ஆம் பதிவேடு அந்த இடத்தைக் காட்டும், 14-ஆம் பதிவேடு திரும்பிப் போகவேண்டிய முகவரியைக் காட்டும். சட்டைப் பைச் சீட்டு என்று சொன்னேனே, அது இதுதான்.

புரோகிராம் விழுந்தால் 'டம்ப்' வரும். நினைவகத்தில் இருந்தது அத்தனையும் 16 அடிமான எண்களில், கட்டுக் கட்டாகப் பச்சை வெள்ளைப் பட்டைக் காகிதத்தில். மூட்டை தூக்குகிற மாதிரி தோளில் தூக்கிக்கொண்டு வருவோம். அதில் 05சி3ஏ2 என்ற இடத்தில் விழுந்திருக்கிறது என்று இருக்கும். நம் புரோகிராம் ஏறி உட்கார்ந்த இடம் 05பி000. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் 13ஏ2. இந்த எண்ணை வைத்துக்கொண்டு அலமாரிக்குப் போகவேண்டும். அங்கே கம்பைலர் அச்சடித்துக் கொடுத்த 'லிஸ்டிங்' பைண்டு செய்து அடுக்கியிருக்கும். அதில் 13ஏ2-க்கு நேரே கோபால் வரி இருக்கும். கண்டுபிடித்தாயிற்று. பெரும்பாலும் 0சி7 தான். எண் இருக்கவேண்டிய கட்டத்தில் வெற்றிடம் விட்டு அட்டையைத் துளைத்திருப்பார்கள். கம்ப்யூட்டருக்கு வெற்றிடத்தைக் கூட்டத் தெரியாது.

கவனியுங்கள், இந்த முறை முழுவதும் ஒரே ஒரு நம்பிக்கையில் நிற்கிறது. அலமாரியில் இருக்கும் லிஸ்டிங், ஓடுகிற புரோகிராமின் லிஸ்டிங்தானா?

நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில், பெயர் வேண்டாம், மாதக் கடைசியில் சம்பளப் புரோகிராம் விழுந்தது. கழித்துப் பார்த்து அலமாரியைத் திறந்தால், அந்த எண்ணுக்கு நேரே வருகிற வரி வெறும் தலைப்பு அச்சடிக்கிற வரி. அங்கே விழ வழியே இல்லை. விசாரித்தால், மூன்று வாரம் முன்பு பஞ்சப்படிக் கணக்கு மாறியதற்காகப் புரோகிராமைத் திருத்தி மறுபடி கம்பைல் செய்திருக்கிறார்கள், புது லிஸ்டிங்கை யாரும் அலமாரியில் வைக்கவில்லை. திருத்தியவர் விடுமுறையில் சொந்த ஊருக்குப் போயிருந்தார். தொலைபேசி கிடையாது. திருத்தம் செய்த அட்டைக் கட்டு எது என்று தேடி, மறுபடி கம்பைல் செய்து, எண்கள் பொருந்துகின்றனவா என்று ஒத்துப்பார்த்து முடிப்பதற்குள் இரண்டு பகல் ஓர் இரவு போயிற்று. ஆயிரத்துச் சொச்சம் குடும்பங்களுக்கு 1-ஆம் தேதி சம்பளம் 3-ஆம் தேதி மாலையில்தான் கிடைத்தது. மளிகைக் கடைக்காரர்கள் முதற்கொண்டு எங்களைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது.

யூனிக்ஸ் காலம் வந்தபோது இந்த அலமாரியை ஒழித்துக்கட்டினார்கள். லிஸ்டிங்கைத் தனியாக அச்சடித்து வைப்பதற்குப் பதிலாக, எந்த முகவரிக்கு எந்த ஃபைலில் எந்த வரி என்ற அட்டவணையை ஓடுகிற புரோகிராமின் வாலிலேயே கட்டிவிட்டார்கள். பெல் ஆய்வகத்தில் எஸ்.டி.பி., பெர்க்லியில் மார்க் லின்டன் எழுதிய டி.பி.எக்ஸ்., பிறகு 1986-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் எழுதிய ஜி.டி.பி. கடைசியாகச் சொன்னது யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தலாம் என்று வந்த இலவசச் சரக்கு. இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது.

வாலில் கட்டும் அந்த அட்டவணைக்கும் ஒரு வடிவம் வேண்டுமல்லவா? பெல் ஆய்வகத்தில் பிரையன் ரசல் 1980-களில் உருவாக்கியதற்கு 'டுவார்ஃப்' என்று பெயர், குள்ளன். புரோகிராம் ஃபைலின் வடிவத்துக்கு 'எல்ஃப்' என்று பெயர் இருந்தது, அது கதைகளில் வரும் குட்டித் தேவதை. தேவதைக்குத் துணையாகக் குள்ளன். இரண்டாம் பதிப்பு 1993, மூன்றாவது 2005, நான்காவது 2010, ஐந்தாவது 2017. அட்டவணையை அப்படியே எழுதினால் புரோகிராமைவிட வால் பெரிதாகிவிடும். அதனால் 'நான்கு பைட் முன்னே போ, ஒரு வரி கீழே இறங்கு' என்கிற மாதிரிக் குட்டிக் கட்டளைகளாகச் சுருக்கி வைத்திருக்கிறார்கள். டீபக்கர் அந்தக் கட்டளைகளை நிறைவேற்றிப் பார்த்து அட்டவணையைத் தானே போட்டுக்கொள்ளும். சமையல் குறிப்பைக் கொடுத்துவிட்டால் போதும், சாப்பாட்டைச் சுமக்கவேண்டாம் என்பது போல.

இதில் ஒரு நுணுக்கம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். சீட்டில் எழுதியிருப்பது 'திரும்பி வந்ததும் செய்யவேண்டிய' கட்டளையின் முகவரி. அதாவது அழைத்த வரிக்கு அடுத்த இடம். அதை அப்படியே அட்டவணையில் பார்த்தால் சில சமயம் அடுத்த வரி வந்துவிடும், படிப்பவர் குழம்பிப்போவார். அதனால் டீபக்கர் முகவரியில் ஒன்றைக் குறைத்துக்கொண்டு தேடும். மேலே உள்ள முதல் ஃபிரேமுக்கு மட்டும் குறைக்காது, ஏனென்றால் அங்கே ஆள் நிஜமாகவே நிற்கிறார். மற்றவையெல்லாம் போய்வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவை.

சரி, இப்போது ஃபைல் பெயரும் வரி எண்ணும் கிடைத்துவிட்டது. பிரச்சினை தீர்ந்ததா என்றால், இங்கேதான் ரூ துய்ப்ளெக்ஸ் வந்து நிற்கிறது.

டுவார்ஃபில் இரண்டு குறிப்பு இருக்கும். ஒன்று ஃபைலின் பெயர், கம்பைலருக்கு எப்படிச் சொன்னோமோ அப்படியே. இன்னொன்று, கம்பைல் செய்தபோது எந்த ஃபோல்டரில் உட்கார்ந்திருந்தோம் என்பது. இரண்டையும் சேர்த்தால்தான் முழு விலாசம். ஆனால் அது கம்பைல் செய்த எந்திரத்தில், அன்றைக்கு இருந்த விலாசம். சென்னையில் ஒருவர் கம்பைல் செய்கிறார், பெங்களூரில் ஓடுகிறது, நம் காமராஜ் சாலையில் ஒரு பையன் மடிக்கணினியில் டீபக் செய்கிறான். சென்னைக்காரரின் வீட்டு ஃபோல்டர் பெயர் இங்கே எப்படி இருக்கும்? லினக்ஸில் சி மொழி எழுதிப் பழகிய எல்லாரும் பார்த்திருக்கும் ஒரு செய்தி உண்டு. புரோகிராம் விழுந்ததும் 'ரெய்ஸ்.சி: அப்படி ஒரு ஃபைலோ ஃபோல்டரோ இல்லை' என்று ஜி.டி.பி. சொல்லும். அது நம் புரோகிராமே அல்ல. சி மொழியின் அடிப்படை நூலகத்துக்குள், அபாயச் சங்கு ஊதுகிற இடம். அதைக் கட்டியவரின் எந்திரத்தில் இருந்த விலாசம் அப்படியே ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. புதிதாகப் படிக்கிற பிள்ளைகள் அந்த ஃபைலைத் தேடி அலைவார்கள். அவர்கள் பார்க்கவேண்டியது இரண்டு மூன்று ஃபிரேம் கீழே, அவர்களே எழுதிய வரி.

ஜி.டி.பி. பேசிக்கொண்டே வேலை செய்கிற ஆள். ஜன்னல், படம் ஒன்றும் கிடையாது. பிறகு மற்றவர்கள் அதன் முன்னால் ஜன்னல் வைத்தார்கள். இவற்றுக்கு 'ஃபிரன்ட் எண்ட்' என்று பெயர், கடையின் முகப்பு மாதிரி. உள்ளே கணக்குப்பிள்ளை ஜி.டி.பி., வெளியே கல்லாவில் சிரித்த முகத்தோடு இன்னொருவர். சோர்ஸை ஜன்னலில் காட்டவேண்டியது கல்லாக்காரர். விலாசம் தெரிந்தது கணக்குப்பிள்ளைக்கு. இருவரும் பேசிக்கொள்ள ஒரு பாஷை வேண்டும்.

முதல் பாஷை வேடிக்கையானது. ஈமாக்ஸ் என்ற எடிட்டருக்காக ஜி.டி.பி. ஓர் ஏற்பாடு செய்தது. ஒவ்வொரு முறை நிற்கும்போதும், யாரும் தட்டச்சு செய்ய வாய்ப்பில்லாத கன்ட்ரோல்-இசட் எழுத்தை இரண்டு முறை அனுப்பும். அதைத் தொடர்ந்து ஃபைலின் முழு விலாசம், வரி எண், எழுத்து எண் எல்லாம் முக்காற்புள்ளி போட்டு வரும். ஈமாக்ஸ் அந்த இரண்டு எழுத்தைப் பார்த்ததும் 'இது எனக்கு' என்று பிடித்துக்கொண்டு ஃபைலைத் திறந்து அம்புக்குறி வைக்கும். கண்ஜாடை மாதிரிதான். ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக்கில் ஆந்திரேயாஸ் செல்லரும் டோரோத்தேயா லூட்கஹவுசும் சேர்ந்து உருவாக்கிய டி.டி.டி. (பூச்சிமருந்து அல்ல, இது வேறு, முன்பு சொன்னதற்குப் பேரன் முறை) 1990-களின் நடுவில் வந்தது. ஜி.டி.பி. மனிதருக்காக எழுதுகிற வாக்கியங்களையே படித்துப் பொருள் பிடித்து அது வேலை செய்தது. ஜி.டி.பி.யில் யாராவது ஒரு வார்த்தையை மாற்றினால் முகப்பில் சிக்கல். ஆகவே 2000-ஐ ஒட்டி எந்திரமும் எந்திரமும் பேசிக்கொள்வதற்கென்றே ஒரு தனிப் பாஷை வகுத்தார்கள். அதில் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஃபைல் பெயர் தனியாக, முழு விலாசம் தனியாக, வரி எண் தனியாக வரும். கம்பைலர் எழுதிய பெயர் ஒரு கட்டத்தில், 'நான் தேடிப் பார்த்ததில் இதுதான்' என்று டீபக்கர் கண்டுபிடித்தது இன்னொரு கட்டத்தில். எழுதியதும் தேடியதும் ஒன்றல்ல என்பதை முதல்முறையாக ஒத்துக்கொண்ட பாஷை அது. சின்ன விஷயமாகத் தோன்றும். இதை வகுத்தவர்களுக்கு ஒரு சால்வை போர்த்தலாம்.

தேடுவது எப்படி? ஜி.டி.பி.யிடம் ஃபோல்டர்களின் பட்டியல் ஒன்று இருக்கும். நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் இரண்டே இடம்: கம்பைல் செய்த ஃபோல்டர், இப்போது நிற்கிற ஃபோல்டர். நாம் மேலும் சேர்க்கலாம். முழு விலாசத்தில் இல்லாவிட்டால், கடைசியில் வெறும் ஃபைல் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு பட்டியலில் உள்ள ஒவ்வொரு ஃபோல்டரிலும் எட்டிப் பார்க்கும். இதில் ஆபத்து இருக்கிறது. மணிக்கூண்டுப் பக்கம் வந்து 'செல்வராசு வீடு எது' என்று கேட்டால் எத்தனை செல்வராசு வருவார்கள்! மெயின்.சி என்ற ஃபைல் ஒவ்வொரு புரோகிராமிலும் உண்டு. வேறு ஒருவருடைய மெயின்.சி-யைத் திறந்து அதில் 212-ஆம் வரியைக் காட்டிவிட்டால், பார்க்கிறவர் அதை நம்பிவிடுவார். ஃபைல் கிடைக்காமல் போனால் அரைமணி நேரம் நஷ்டம். தப்பான ஃபைல் கிடைத்தால் ஒரு நாள் நஷ்டம். எங்கள் சம்பளக் கதையில் நடந்ததும் அதுதானே. ஜி.டி.பி. அதற்காக ஓர் எச்சரிக்கை வைத்திருக்கிறது: புரோகிராமைவிட சோர்ஸின் தேதி புதிதாக இருந்தால் சொல்லிவிடும். டுவார்ஃப் ஐந்தாம் பதிப்பில் ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு கைரேகைகூட வைக்கலாம், எம்.டி.5 என்ற கணக்கு முறையில். கைரேகை பொருந்தவில்லை என்றால் இது அந்த செல்வராசு இல்லை.

வீதிப் பெயர் மாறியதற்கான மருந்து 2006-இல் ஜி.டி.பி. 6.6-இல் வந்தது. 'விலாசம் இப்படி ஆரம்பித்தால் அதற்குப் பதில் அப்படி வைத்துக்கொள்' என்று ஒரு விதி கொடுத்துவிடலாம். ரூ துய்ப்ளெக்ஸ் என்று எங்கே பார்த்தாலும் நேரு வீதி என்று படி. அதில் இரண்டு கட்டுப்பாடு வைத்தார்கள். விலாசத்தின் தொடக்கத்தில் மட்டும்தான் மாற்றும், நடுவில் அதே பெயர் வந்தால் தொடாது. பெயர் முழுதாகப் பொருந்தவேண்டும். 'காந்தி' என்ற ஃபோல்டருக்கு விதி எழுதினால் 'காந்திநகர்' என்ற ஃபோல்டரை அது தொடாது. அனுபவப்பட்டவர்கள் வைத்த விதி என்று பார்த்ததும் தெரியும்.

இதற்கு நடுவே 2000 வந்து போனதை மறந்துவிடக் கூடாது. நம் தமிழ்ப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் சென்னையில் உட்கார்ந்துகொண்டும் அமெரிக்கா போயும் பழைய கோபால் புரோகிராம்களில் இரண்டு இலக்க வருஷத்தை நான்கு இலக்கமாக மாற்றினார்கள். அப்போது பல இடங்களில் தெரியவந்த அதிர்ச்சி, ஓடுகிற புரோகிராம் இருக்கிறது, சோர்ஸ் இல்லை என்பதுதான். நாடாவில் இருந்தது அழிந்துவிட்டது, எழுதியவர் ஓய்வு பெற்றுவிட்டார், அலமாரி இடமாற்றத்தில் போய்விட்டது. எந்திரக் கட்டளைகளிலிருந்து பின்னோக்கிப் போய்க் கோபாலை மறுபடி எழுதிக் கொடுக்கவே தனிக் கம்பெனிகள் பிழைத்தன. விலாசத்தை மாற்றி எழுதலாம். வீடே இல்லை என்றால் எந்த விதி என்ன செய்யும்?

விலாசம் வைப்பதையே எதிர்த்த ஒரு கூட்டமும் உண்டு, அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. டெபியன் என்ற லினக்ஸ்காரர்கள் 2013 முதல் ஒரு முயற்சியில் இறங்கினார்கள். ஒரே சோர்ஸை யார், எங்கே கம்பைல் செய்தாலும் ஒரு பைட் பிசகாமல் ஒரே புரோகிராம் வரவேண்டும். அப்போதுதான் நடுவில் யாரும் விஷமம் செய்யவில்லை என்று சோதிக்க முடியும். அவர்களுக்கு முள்ளாக நின்றவற்றில் ஒன்று, வாலில் ஒட்டியிருக்கும் இந்த ஃபோல்டர் பெயர். நான் கம்பைல் செய்தால் என் வீட்டு ஃபோல்டர், நீங்கள் செய்தால் உங்களுடையது, இரண்டும் எப்படிச் சமமாகும்? போதாததற்கு, செய்தவரின் பெயரும் வெளியே போகிறது. ஜி.சி.சி. கம்பைலரில் 2008 முதலே ஒரு வசதி இருந்தது, எழுதும்போதே விலாசத்தின் முன்பாதியை வேறு பொதுப் பெயராக மாற்றி எழுதச் சொல்லலாம். 2018-இல் அதை இன்னும் விரிவாக்கினார்கள். அவர்கள் வேலை சுத்தம். ஆனால் விலாசத்தில் 'ஏதோ ஓர் ஊர், ஏதோ ஒரு தெரு' என்று இருந்தால், தேடுகிற பையனின் பாடு?

அதற்கு வந்த பதில் நம் ஊர்க்காரர்களுக்கு உடனே புரியும். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள நம் சொந்தக்காரர்கள் முத்தியால்பேட்டையிலேயே பிறந்திருப்பார்கள். ஆனாலும் பிறப்புச் சான்றுக்கு எழுதுவது பிரான்ஸில் நாந்த் நகரத்துக்கு. வெளிநாட்டில் பிறந்த பிரெஞ்சுக்காரர்களின் பதிவேடுகளுக்காக 1965-இல் அங்கே ஒரு மைய அலுவலகம் வைத்தார்கள். எந்தத் தெரு, எந்த வீடு என்று அவர்கள் அலைவதில்லை. ஆளுடைய விவரத்தை எழுதினால் நகல் வரும். அதே மாதிரி, ஒவ்வொரு புரோகிராமுக்கும் அதன் உள்ளடக்கத்திலிருந்தே கணக்கிட்ட நீளமான ஓர் அடையாள எண்ணை லினக்ஸ்காரர்கள் ஏற்கனவே வைத்திருந்தார்கள். 2019 நவம்பரில் ரெட்ஹாட் கம்பெனிக்காரர்கள் 'டீபக்இன்ஃபோடி' என்று ஒரு சர்வரை வெளியிட்டார்கள். அந்த எண்ணைச் சொல்லி, 'இந்தப் புரோகிராமின் இந்தப் பெயருள்ள சோர்ஸ் வேண்டும்' என்று கேட்டால் இணையம் வழியாக அனுப்பிவிடும். 2020-இல் ஜி.டி.பி. 10-உம் இதைக் கற்றுக்கொண்டது. விலாசம் பொய்யாக இருந்தாலும் பரவாயில்லை, எண் பொய் சொல்லாது. தானாகக் கேட்டால் நாம் எதை டீபக் செய்கிறோம் என்பது வெளியே தெரிந்துவிடுமே என்பதால், முதலில் நம்மிடம் அனுமதி கேட்டுவிட்டுத்தான் கேட்கும்.

இப்போது பிள்ளைகள் அதிகம் வைத்திருப்பது மைக்ரோசாஃப்ட் 2015-இல் வெளியிட்ட வி.எஸ். கோட். அதில் முகப்புக்கும் டீபக்கருக்கும் நடுவே பேச ஒரு பொதுப் பாஷை இருக்கிறது, எந்த மொழிக்கும் ஒரே பாஷை. ஃபிரேமோடு சோர்ஸ் விவரத்தை அனுப்பும்போது இரண்டு வழி வைத்திருக்கிறார்கள். 'இந்த விலாசத்தில் இருக்கிறது, நீயே போய் எடுத்துக்கொள்' என்பது ஒன்று. 'உனக்கு அங்கே போக வழியில்லை, இந்த டோக்கன் எண்ணைச் சொல்லி என்னிடமே கேள், நான் படித்துக் காட்டுகிறேன்' என்பது இன்னொன்று. ஃபைலே இல்லாமல் நினைவகத்திலேயே பிறந்து மறைகிற சோர்ஸுக்கும் இதனால் வழி கிடைத்தது.

போன மாதம் எங்கள் தெருப் பையன் ஒருவன் இதே சங்கடத்தோடு வந்தான். அவன் புரோகிராம் டாக்கர் என்ற பெட்டிக்குள் ஓடுகிறது. பெட்டிக்குள் அதன் ஃபோல்டர் பெயர் 'ஆப்' என்று மூன்றெழுத்து. அவன் மடிக்கணினியில் அதே ஃபைல்கள் வேறு எங்கோ ஆழத்தில். புரோகிராம் 'ஆப்' ஃபோல்டரில் 88-ஆம் வரியில் நிற்கிறேன் என்கிறது, ஜன்னல் வெறுமையாக இருக்கிறது. உள்ளே என்ன பெயர், வெளியே என்ன பெயர் என்று இரண்டு வரி எழுதும் இடம் அமைப்பு ஃபைலில் இருக்கிறது. உள்ளூர் வேர், வெளியூர் வேர் என்று பொருள்படும் இரண்டு சொற்கள். அவன் இரண்டையும் இடம் மாற்றி எழுதியிருந்தான். மாற்றிப் போட்டதும் 88-ஆம் வரி மஞ்சளாகத் தெரிந்தது. எண் இருக்கவேண்டிய கட்டத்தில் வெற்றிடம்.